இசைத்தட்டின் இரண்டாம் பக்கம்

1

நான் இருக்கும் ஊரில் செத்தவர்களின் சாமான்களை விற்பதற்கென்றே ஒரு கடை இருக்கிறது. இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகள் எல்லாம் மூடிப்போய், மழை மட்டும் மூடாமல் நடந்துகொண்டிருக்கிற ஒரு சின்ன நகரம் இது. வீட்டுப் பெரியவர் போனதும் பிள்ளைகள் அவருடைய கோட்டு, தேநீர்க் கோப்பை, சுவர்க்கடிகாரம் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். விற்ற காசு கடைசிக்கால நோயாளிகளுக்கான இல்லத்துக்குப் போகும். என் வார்டில் இருந்த ஒருவரின் கம்பளிச் சட்டையை அந்தக் கடை ஹேங்கரில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். நர்ஸ் வேலைக்கு வந்தவளுக்கு இதெல்லாம் பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பழகவில்லை. ஆனால் மலிவான கோட்டு அங்கேதான் கிடைக்கிறது.

போன வருடம் என் மகள் ஷெரினுக்கு மழைக்கோட்டு வாங்கப் போன இடத்தில் ஒரு ரிக்கார்டு பிளேயரைப் பார்த்தேன். மூடியில் விரிசல். வாங்கினால் ஒரு தட்டு இலவசம் என்றார் கவுண்டரில் இருந்த பெண்மணி. பெட்டியில் கிடந்தவற்றில் பூஞ்சை குறைவாகப் பிடித்திருந்த அட்டையைப் பார்த்து எடுத்தேன். அதில் ‘ரொமான்டிக்’ என்று போட்டிருந்ததும் ஒரு காரணம். காதல் பாட்டாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“இந்த வயசுல உனக்கு எதுக்குடி ரொமான்டிக்?” என்றார் என் வீட்டுக்காரர். ஷெரின் தலையில் அடித்துக்கொண்டாள். அது பத்தொன்பதாம் நூற்றாண்டு இசைக்கு வைத்த பெயராம். வாசிப்பது ஒரு பியானோவும் ஒரு செல்லோவும். எழுதியவர் ஒரு ஜெர்மன்காரர். அவர் பெயரை நான் உச்சரித்தால் என் மகள் சிரிக்கிறாள், அதனால் இங்கேயும் எழுதாமல் விடுகிறேன். அட்டையின் பின்பக்கம் யாரோ யாருக்கோ கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதிக் கொடுத்த நீல மசி மங்கிக் கிடந்தது. கொடுத்தவர், வாங்கியவர் இரண்டு பேரும் இப்போது இருக்க மாட்டார்கள்.

முதல் பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வாத்தியமும் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடுவதுபோல இருந்தது. இரண்டாம் பக்கம் வேறு. அது மெதுவாகப் போகிற பகுதி. செல்லோ என்பது கால்களுக்கு நடுவில் நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய வயலின். அதன் குரல் ஆண்பிள்ளைக் குரல். அதிகம் பேசாத, வயதான ஆண்பிள்ளை. பியானோ அவர் கூடவே, கையைப் பிடிக்காமல் பக்கத்தில் நடந்து போகிறது. பாதி வழியில் ஓரிடத்தில் இரண்டும் நின்றுவிடும். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அந்த மௌனத்தில் தட்டின் தூசி மட்டும் கரகரவென்று ஓடும், ஒரு கீறல் ‘டிக்’ என்று ஒலிக்கும். பிறகு செல்லோ முன்னைவிடத் தாழ்ந்த குரலில் மறுபடி ஆரம்பிக்கும். முதல் தடவை அந்த இடத்தில் நான் கையில் வைத்திருந்த பாத்திரத்தைக் கழுவாமல் நின்றுவிட்டேன். எனக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த இருபத்திரண்டு நிமிஷத்துக்காகவே எழுந்திருக்க ஆரம்பித்தேன்.

2

எங்கள் காலனி உத்திரமேரூரிலிருந்து நாலு கிலோமீட்டர். உத்திரமேரூர் என்றதும் படித்தவர்கள் கல்வெட்டைச் சொல்வார்கள், ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஓட்டுப்போட்ட ஊர் என்று. ஓட்டுப்போட்டவர்களின் வயலில் நாற்று நட்டவர்கள் நாங்கள். எங்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இங்கே யாராவது சொந்த ஊரைக் கேட்டால் ‘சென்னைக்குப் பக்கம்’ என்று சொல்லி முடித்துக்கொள்வேன்.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். என் நைனா உத்திரமேரூர் ரைஸ்மில்லில் நெல் அவிக்கிற வேலை பார்த்தவர். மெஷினுக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நின்றதில் வலது காது சுத்தமாகப் போய்விட்டது. யார் பேசினாலும் முகத்தைத் திருப்பி இடது காதைக் கொடுப்பார். தெரியாதவர்கள் அவருக்குத் திமிர் என்று நினைப்பார்கள். நான் இந்த ஊருக்கு விமானம் ஏறிய அன்று அவர் வழியனுப்ப வரவில்லை. “நெல்லு ஊறிக்கினு கீதும்மா. நேரத்துக்கு அவிக்கலன்னா நாறிப்பூடும். நீ போய்ட்டு வா” என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். மகளைவிட நெல் பெரிதாகிவிட்டதா என்று மீனம்பாக்கம் வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.

நான் இங்கே வந்த நாலாவது வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேச்சு போய்விட்டது. வலது பக்கம் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து என் விசா நீட்டிப்பு விண்ணப்பம் அலுவலகத்தில் கிடந்தது. அது முடிவாகும் முன்பு நாட்டைவிட்டு வெளியே போனால், விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஷெரினுக்கும் இங்கே இடமில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் சொல்லிவிட்டு, நாற்பது நிமிஷம் பியானோ வாசித்துக் காட்டும். அன்று அவருக்கு நெல் ஊறிக்கொண்டிருந்தது. இன்று எனக்கு விண்ணப்பம் ஊறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஞாயிறு காலை எட்டரைக்குப் போன் செய்வேன். ஊரில் மத்தியானம் ஒரு மணி. சர்ச் முடிந்து வந்திருப்பார்கள். காலனியில் சிக்னல் கிடைப்பதே அதிசயம் என்பதால் முகம் பார்க்கிற வசதி கிடையாது, வெறும் குரல்தான். அண்ணி போனை நைனாவின் இடது காதில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். “சாப்டியா நைனா? மருந்து குடிச்சியா?” என்பேன். அந்தப் பக்கம் மூச்சுகூடக் கேட்காது. இரண்டு வாரத்தில் எனக்குப் பேச்சு தீர்ந்துவிட்டது.

“தாத்தா பதில் சொல்ல மாட்டார்னு தெரியும். அப்புறம் ஏம்மா கேள்வியாவே கேக்கறே?” என்றாள் ஷெரின். அவள் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசுவதே அபூர்வம். பிறகு அவளாகவே போய் முள்ளை எடுத்து இரண்டாம் பக்கத்தின் மேல் வைத்தாள். என் கையிலிருந்த போனை வாங்கி ஸ்பீக்கருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இருபத்திரண்டு நிமிஷம் கழித்து அண்ணி சொன்னாள்: “கண்ண தொறந்து பாத்தாரு பாப்பா. கேட்டுக்கினேதான் இருந்தாரு. இன்னாம்மா பாட்டு இது, சாவு வூட்டுப் பாட்டு மாரி கீது? வெள்ளக்காரங்க சாவுக்கு இதான் போடுவாங்களா?”

நான் சிரித்தேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்குப் பதில் அந்தத் தட்டுதான் என்று ஆயிற்று.

வார்டில் கடைசி நிலையில் இருப்பவர்களின் குடும்பத்தாரிடம் நாங்கள் ஒன்று சொல்வோம்: காதுதான் கடைசியாகப் போகும், பேசிக்கொண்டே இருங்கள். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது வேதவாக்காகிவிட்டது.

3

தட்டு போட ஆரம்பித்து நாலாவது ஞாயிறு. வீட்டுக்காரர் கிடங்கு வேலைக்கு விடிவதற்குள் போயிருந்தார். அங்கே போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். நான் வழக்கம்போல எட்டரைக்குக் கூப்பிட்டேன். வெகுநேரம் மணி அடித்த பிறகு அண்ணி எடுத்தாள். “சொல்லு பாப்பா” என்றபோது தொண்டை கட்டியிருந்தது. பின்னால் ஆட்கள் பேசும் சத்தம். சர்ச்சிலிருந்து நோயாளிக்காக ஜெபம் பண்ண வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். உர்ரென்று விடாமல் ஒரு மோட்டார் சத்தமும் கேட்டது. அண்ணன் கடைசியில் ஏர்கூலர் வாங்கிவிட்டான் போலிருக்கிறது என்று அதையும் நானே முடிவு செய்துகொண்டேன்.

“நைனா காதுல வை அண்ணி. இடது காது” என்றேன்.

அண்ணி யாரையோ தள்ளி நிற்கச் சொன்னாள். “வெக்கறேன் பாப்பா” என்றாள்.

“நைனா, நான்தான். இந்த வாரம் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. கேளு.”

ஷெரின் போனைப் பிடித்துக்கொண்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சொல்லத்தான் வேண்டும், அன்றைக்குப் போல அந்த இசையை நான் என்றைக்கும் அனுபவித்ததில்லை. வெளியே அபூர்வமாக வெயில் அடித்தது. ஐயாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் என் நைனாவும் இந்தப் பக்கம் நானும் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நெஞ்சு நிறைந்திருந்தது. இரண்டு வாத்தியமும் நிற்கிற இடம் வந்தபோது, நைனாவும் இப்போது காத்திருக்கிறார் என்று நினைத்தேன். முடிந்ததும் போனை வாங்கி, “பேப்பர் வந்துடும் நைனா. ஆடி மாசம் வந்துடறேன்” என்று சொன்னேன். அண்ணி அழுவது கேட்டது. அவள் எதற்கெடுத்தாலும் அழுகிறவள்தான்.

“நல்லா கேட்டாரா அண்ணி?”

“கேட்டாரும்மா. கேட்டுக்கினுதான் கீறாரு” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அரைமணி நேரம் கழித்து அண்ணன் கூப்பிட்டான். எடுத்த எடுப்பில், “பாப்பா, நாளைக்கு மத்தியானம் எடுத்துடலாமா? நீ வர்றதுக்கு வழி எதுனா கீதா?” என்றான்.

எதை எடுப்பது என்று கேட்க வாயெடுத்து, கேட்காமலேயே புரிந்துகொண்டேன். “இப்பதானேண்ணா காதுல வெச்சீங்க! இப்பதானே கேட்டுக்கினு இருந்தாரு!” என்று கத்தினேன். இங்கே வந்த பிறகு என் வாயிலிருந்து ஊர்ப் பேச்சு அப்படி வந்தது அன்றைக்குத்தான். போன் கைமாறியது.

“ஆமா பாப்பா” என்றாள் அண்ணி. “நீ போட்ட பாட்ட கேட்டுக்கினே போய்ட்டாரு. ஒரு கஷ்டமும் படல. அய்வாத.”

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தபோது கண் சிவந்திருந்தது. லாக்கரைத் திறந்ததும்தான் செய்தியைப் பார்த்ததாகச் சொன்னார். எந்நேரம் வந்த செய்தி என்று நான் கேட்கவில்லை. நைனா இசையைக் கேட்டுக்கொண்டே போனதை அவரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையை ஆட்டிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார்.

4

நான் போகவில்லை. மறுநாள் அடக்கத்தைச் சித்தி மகன் போனில் காட்டினான். குழிக்குள் இறக்குகிற சமயத்தில் படம் நின்றுபோய், அவனுடைய கட்டைவிரல் மட்டும் திரையை மறைத்துக்கொண்டு உறைந்து நின்றது. நான் பார்த்த நைனாவின் அடக்கம் அதுதான்.

அண்ணன் பிறகு நிறைய படங்கள் அனுப்பினான். ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை. எனக்கு அவை தேவைப்படவில்லை. என்னிடம் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஒவ்வொரு வாரமும் தட்டைத் துணியால் துடைத்து, முள்ளை வைத்து, நாற்காலியில் உட்காருவேன். துக்கத்தில் இத்தனை சுகம் இருக்கலாமா என்று சில சமயம் குற்றமாகக்கூட இருந்தது. கேட்கக் கேட்க அந்த இசை பழகிப்போகும் என்று பயந்தேன். அது பழகவில்லை. பியானோ ஓரிடத்தில் செல்லோவுக்கு முன்னால் போய்விட்டு, அதற்காகக் காத்து நிற்கும். அதை நான் ஏழெட்டு மாதத்துக்குப் பிறகுதான் கவனித்தேன். கவனித்த அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

வார்டிலும் இதைச் சொன்னேன். சாகக்கிடக்கும் தாயின் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் போனை நோண்டிக்கொண்டிருக்கும் மகன்களிடம், என் அப்பா இசையைக் கேட்டபடியே போனார், நீங்களும் ஏதாவது பாடுங்கள் என்பேன். என் ஆங்கிலத்துக்கு அவர்கள் நெற்றியைச் சுருக்குவார்கள். ஆனாலும் சிலர் பாடினார்கள்.

ஷெரின் மட்டும் அந்த நேரத்தில் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தொடங்கி வைத்தவளே அவள்தான். வர வர என்னோடு இருப்பதே அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் நான் தமிழில் கூப்பிட்டால் கேளாததுபோல நடப்பாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மட்டும், நான் சண்டை போடுவதால், போய் வந்தாள்.

நைனா போய் பத்தாவது மாதம் எங்கள் விசா பேப்பர் வந்தது. தாமதத்துக்கு வருந்துவதாக ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

5

வருஷ நினைவுக் கூட்டத்துக்கு நானும் ஷெரினும் போனோம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை என்றார். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது ஏரி நிறைந்து கிடந்தது, ரோடு ஓரம் முழுக்க நெல் காய்ந்தது. வீட்டில் ஷெரினைப் பார்க்கத் தெருவே வந்துவிட்டது. அவள் எல்லோருக்கும் ஒரே புன்னகையைக் கொடுத்துவிட்டு ஆட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். ஆடுகள் அவளிடம் கேள்வி கேட்கவில்லை.

சர்ச்சுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த போதகர் அன்று சாயந்தரம் வந்தார். சின்ன வயசு, நல்ல மனுஷர். நைனாவை அவர் பார்த்ததில்லை. நாளைக்குக் கூட்டத்தில் பேசுவதற்கு அவரைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய சாமான் கடை, செல்லோ, இடது காது, கடைசி ஞாயிறு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதை நாளைக்குச் சாட்சியாச் சொல்லலாமா சிஸ்டர்?”

“தாராளமா சொல்லுங்க பாஸ்டர்.”

டீ கொண்டுவந்த அண்ணி தட்டோடு வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். டீ ஆறிவிட்டது.

மறுநாள் மத்தியானம் ஷெரினைத் தேடிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வேப்பிலையை ஒடித்து ஆட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் சாவுக்குக் கட்டிய பேனரை வீணாக்க மாட்டார்கள். காரியம் முடிந்ததும் விறகின் மேல் போர்த்துவார்கள், குளியலறைக்குக் கூரை போடுவார்கள். நைனாவின் கண்ணீர் அஞ்சலி பேனர் ஆட்டுக்கொட்டகையின் பக்கவாட்டில் கட்டியிருந்தது. வோட்டர் ஐடி படத்தைப் பெரிதாக்கி, அவர் பிறந்ததிலிருந்து போட்டறியாத ஒரு கோட்டை ஸ்டுடியோக்காரன் மாட்டிவிட்டிருந்தான். கீழ் மூலையை ஆடு தின்றிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது. நைனா இருந்தால் அவரே கட்டியிருப்பார்.

“படி பார்க்கலாம்” என்றேன் ஷெரினிடம். சனிக்கிழமை வகுப்பு வீண்போகவில்லை என்று அண்ணிக்குக் காட்டவேண்டும் என்ற பெருமை எனக்கு.

அவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். “எங்-கள்... அன்-புத்... தந்-தை...” பெயரைத் தாண்டினாள். “ஞா-யிறு... கா-லை... ஒன்பது நாற்பது... மணி-யள-வில்... கர்த்-தருக்-குள்... நித்-திரை... அடைந்-தார்.” என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நித்திரைன்னா தூக்கம்தானே?”

“ஆமா.”

“காலைலயா?” அவள் விரலை எண்களின் மேலேயே வைத்திருந்தாள். “நாம போன் பண்ணப்ப இங்க ஒரு மணிம்மா. நான்தானே பிடிச்சிருந்தேன்.”

பேனர் அடித்தவன் தப்பாகப் போட்டிருப்பான் என்றேன். அவள் “ம்” என்றாள். பிறகு, இங்கிலாந்துக்குப் போனதிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

6

அண்ணி வீட்டுக்குப் பின்னால் கூட்டத்துச் சாப்பாட்டுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

“அண்ணி, நைனா எத்தினி மணிக்குப் போனாரு?”

அவள் நிமிரவில்லை. “அத்த இப்ப இன்னாத்துக்குக் கேக்கற பாப்பா?”

“பேனர்ல பாத்தேன்.”

கத்தியைக் கீழே வைத்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிறுத்தாமல் பேசினாள்.

“காலைல கஞ்சி குடுக்கப் போனேன், மூச்சு இல்ல. உங்கண்ணன் ஒடனே மாப்ளைக்குப் போன் போட்டாரு, எடுக்கல. வாட்ஸ்அப்ல போட்டாரு. நேரா ஒங்கிட்ட சொல்ல வோணாம், தூர தேசத்துல ஒண்டியா கீது, மாப்ள பக்குவமா சொல்லுவாருன்னு சொன்னாரு. மத்தியானம் நீ போன் பண்ண. நைனா காதுல வைன்ன. எனக்கு இன்னா தெரியும்? மாப்ள சொல்லிட்டாரு, மனச தேத்திக்கினு கடைசியா அப்பன் காதுல பேசணும்னு பண்ணுதுன்னு நெனச்சிக்கினேன். அந்தப் பாட்டு வேற சாவுப் பாட்டு மாரியே கீதா, பொண்ணு அங்கேந்து அனுப்புதுன்னு அத்தினி பேரும் அய்தாங்க.”

“அந்த மோட்டார் சத்தம்?”

“ஐஸ் பொட்டி. உங்கண்ணனும் எதுத்த வூட்டு சேகரும் மூடிய தூக்கிப் புட்சிக்கினு நின்னாங்க. நான் குனிஞ்சி காதுல வெச்சிக்கினு இருந்தேன். முடியவே மாட்டேங்குது பாட்டு. கையி மரத்துப்பூட்ச்சி. பொட்டிக்காரன் ஒரே பேஜார் பண்றான், மூடுங்க மூடுங்கன்றான். நான் எடுக்கல பாப்பா. நீ ஆடி மாசம் வரேன்னு சொன்ன வரைக்கும் எடுக்கல.”

துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

“அப்புறம் ஏன் அண்ணி அப்டி சொன்ன?”

“இப்பதானே காதுல வெச்சீங்கன்னு கத்துன பாரு, அப்பதான் தெரிஞ்சிது ஒனக்குத் தெரியாதுன்னு. வாயில அதான் வந்துது. சொல்லிட்டேன். ஒரு வார்த்த. அத்த வெச்சிக்கினு நீ அமைதியாயிட்ட. அப்புறம் எப்டி மாத்தறது சொல்லு?”

கோபம் வந்தது. அண்ணி மேலா, லாக்கரில் போனைப் பூட்டுகிறவர்கள் மேலா, மூன்று முறை தலையாட்டிய என் வீட்டுக்காரர் மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. பிறகு அது என் மேலேயே வந்து நின்றது. வார்டில் ஒருவர் போனதும் நேரத்தை நிமிஷம் பிசகாமல் குறிக்கிறவள் நான். எந்த மகளும் முதலில் கேட்பது ‘எத்தனை மணிக்கு’ என்பதுதான், அதுவும் எனக்குத் தெரியும். ஒரு வருடமாக நான் கேட்கவில்லை. படங்களைத் திறக்கவில்லை. அந்த மோட்டார் சத்தம் ஏர்கூலரில்லை என்று என் காதுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கலாம். நானேதான் இந்தப் பொய்யைப் பாலூட்டி வளர்த்தேன்.

இன்னொரு கேள்வி தொண்டைவரை வந்தது. அதற்கு முந்தின மூன்று ஞாயிறுகளில் நைனா கண்ணைத் திறந்து பார்த்தார் என்று அண்ணி சொன்னாளே, அது? அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் நான் அதைக் கேட்டுவிடுவேனோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

“பாஸ்டர் கிட்ட வேற சொல்லி வெச்சிக்கிற” என்றாள் மெதுவாக. “அன்னிக்குப் பொட்டியச் சுத்தி நின்னவங்க அத்தினி பேரும் வருவாங்க.”

7

ஆறு மணிக்குக் கூட்டம். வாசலில் சாமியானா, வாடகை நாற்காலிகள். போதகரைத் தனியாக அழைத்து, அதைச் சொல்ல வேண்டாம் என்று சொல்ல இரண்டு முறை எழுந்தேன். ஏன் என்று கேட்பார். அண்ணி பொய் சொன்னாள் என்று அவள் வீட்டு வாசலில் நின்று நான் சொல்லவேண்டும். இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டேன்.

ஷெரின் என் பக்கத்தில் இருந்தாள். எதிர்வரிசையில் அண்ணன், தலையைக் குனிந்தபடி. அவனுக்குப் பின்னால் சேகர். அந்தத் தெருவே இருந்தது.

போதகர் அழகாகப் பேசினார். நெல் அவித்த கைகளைச் சொன்னார். பிறகு அங்கே வந்தார். “காது கடைசிவரைக்கும் கேட்கும்னு மருத்துவம் சொல்லுது. நம்ம சகோதரி அயல் தேசத்துல நர்ஸா இருக்காங்க, அவங்களுக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் அங்கேயிருந்து போட்ட சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டே, அந்தச் சத்தம் காதில் இருக்கும்போதே, நம்ம ஐயா கர்த்தருடைய சமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். எத்தனை பேருக்கு அப்படி ஒரு மரணம் கிடைக்கும்?”

யாரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மூடியைப் பிடித்துக்கொண்டு நின்ற சேகர் நேராகப் போதகரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஷெரினைப் பார்த்தேன். ஆசிரியர் சொல்வது தவறென்றால் கையைத் தூக்கிச் சொல்லவேண்டும் என்று கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். பொய் என்று ஒரு வார்த்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால் போதும். அவள் மடியில் கைகள் இறுகியிருந்தன. அவள் அண்ணியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இதற்காக நாம தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லுவோமா?”

“ஆமென்” என்றாள் அண்ணி, முதல் ஆளாக. “ஆமென்” என்றார் சேகர். பிறகு சாமியானா முழுவதும் சொன்னது, அன்றைக்குப் பெட்டியைச் சுற்றி நின்ற ஒவ்வொருவரும். அண்ணன் தலையைக் குனிந்தபடியே சொன்னான். என் பக்கத்தில் ஷெரின் சொன்னாள், காலனிப் பிள்ளைகள் சொல்வதுபோல சத்தமாக, தெளிவாக.

போதகர் அடுத்த வார்த்தைக்குப் போகாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லாதவள் நான் ஒருத்திதான்.